ரேகை இல்லாத முப்பத்தெட்டுப் பேர்

“ப்ளீஸ் ட்ரை அகெய்ன்” என்றது மிஷின்.

“அகெய்னும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! இதோட பதினோரு தடவை வச்சாச்சு!” என்று சேவுகன் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

சுவரில் மாட்டியிருந்த அந்தக் கறுப்புப் பெட்டி அசரவில்லை. விரலை வைத்தால் ஆளைக் கண்டுபிடித்து, வருகைப் பதிவு போட்டு, அந்த நிமிடமே முதலாளியின் போனுக்கும் சொல்லிவிடும் என்றுதான் திங்கட்கிழமை அதை மாட்டினார்கள். இன்று புதன். இதுவரை அது கண்டுபிடித்த ஒரே ஆள் வாட்ச்மேன் செல்லமுத்து.

விரல் வைத்துக்கொண்டிருந்த செவந்தி, கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் முப்பத்தேழு பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் ஆதனக்கோட்டை சுற்று ஊர்களிலிருந்து முந்திரிக்கொட்டை உடைக்க வருகிறவர்கள்.

“ரேகை இருந்தாத்தானண்ணே பதியும்?” செவந்தி பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். “இருவது வருசமா கொட்டை ஒடைச்ச கை. கொட்டைத் தோட்டுல இருந்து தெறிக்கிற பாலு ரேகையெல்லாம் தின்னுருச்சு. ஆதார் எடுக்கப் போனப்பவே மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாய்ங்க.”

“ஆதார்காரன் திருப்பி அனுப்பினா அடுத்த மாசம் போகலாம். மொதலாளி திருப்பி அனுப்பினா எங்கிட்டுப் போவ?” என்றார் சேவுகன். அவருக்குக் கோபம் வந்தால் இடது காது மட்டும் சிவக்கும். மூன்று நாளாக அது வெளுக்கவே இல்லை.

சேவுகன் அங்கே இருபத்தாறு வருடமாக மேஸ்திரி. அவர் சேர்ந்தபோது கம்பெனிக்கு ‘ராஜலட்சுமி முந்திரி’ என்று பெயர். முதலாளி பெரியவர் காலமான பிறகு மகன் சரவணக்குமார் பொறுப்புக்கு வந்து, ‘ஆர்.எல். குளோபல் நட்ஸ்’ என்று பலகையை மாற்றினார். சேவுகனையும் ‘புரொடக்‌ஷன் எக்ஸிக்யூட்டிவ்’ ஆக மாற்றினார். அதே வேலை, அதே சட்டை. ‘தம்பி’ என்று கூப்பிட்ட வாய் மட்டும் ‘எம்.டி. சார்’ என்று கூப்பிடப் பழக வேண்டியிருந்தது.

இத்தனை கூத்துக்கும் காரணம் ‘ரெட் க்ளே’ என்ற புது முந்திரி பாக்கெட்.

பதினோரு வருடமாக இவர்களிடம் பருப்பு வாங்கிய ஷார்ஜா கம்பெனி, போன மாதம் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டது. கடைக்கு வருகிற ஜனம் ‘ரெட் க்ளே இருக்கிறதா’ என்று கேட்டு வாங்கிப் போகிறது என்று கடிதம் வந்தது. எம்.டி. ஆடிப்போனார். பெங்களூரிலிருந்து சூர்யபிரகாஷ் என்ற ஆலோசகரை வரவழைத்தார். அந்த ஆள் ஏசி அறையில் திரையைத் தொங்கவிட்டு, ரெட் க்ளேயின் சங்கதிகளை எல்லாம் படம் படமாகக் காட்டினார்.

“ராத்திரி பகல் எந்நேரம் மெசேஜ் பண்ணினாலும் ஒரே நிமிஷத்துல பதில் வருது. கஸ்டமரோட பேர், பிள்ளைங்க பேர், போன தடவை எத்தனை கிலோ வாங்கினாங்க, எல்லாம் ஞாபகம் வச்சுக் கேக்கறாங்க. இது மனுஷங்களால முடியாது. பெரிய ஏ.ஐ. சிஸ்டம் இருக்கு. குறைஞ்சது இருநூறு பேர் ஐ.டி. டீம். ஹெட் ஆபீஸ் சிங்கப்பூரா வியட்நாமான்னுதான் இன்னும் உறுதியாகல.”

ஷார்ஜாவிலிருந்தே ஒரு பாக்கெட்டை வரவழைத்திருந்தார்கள். சேவுகன் இரண்டு பருப்பை எடுத்து வாயில் போட்டார்.

“பதமா வறுத்திருக்கான். நல்லாத்தான் இருக்கு” என்றார்.

எம்.டி. முறைத்த முறைப்பில் மூன்றாவது பருப்பு கையிலேயே நின்றுவிட்டது.

“டேஸ்டை வச்சு இந்தக் காலத்துல போட்டி போட முடியாதுண்ணே. டேட்டாதான் எல்லாம். ஒவ்வொரு பருப்பும் யார் கையால ஒடைஞ்சதுன்னு நம்ம சிஸ்டத்துல தெரியணும். அதை ஷார்ஜாக்காரங்க அவங்க கம்ப்யூட்டர்லயே லைவா பாக்கணும். இந்த மாசக் கடைசிக்குள்ள சிஸ்டத்துல பேர் ஏறாதவங்க, கம்பெனியில இல்ல. அவங்களுக்குப் பதிலா ஒடைக்கிற மிஷினை எறக்கிடுவோம்.”

“முப்பத்தெட்டுப் பேரையும் ஏத்திக் காட்டுறேன் சார்” என்று சேவுகன் அன்றைக்கு வாய் விட்டிருந்தார். அதே வேகத்தில் கொட்டகைக்குப் போய், “ஒருத்தரையும் வெளிய அனுப்ப விடமாட்டேன். இது என் வாக்கு” என்று பெண்களிடமும் சொல்லிவிட்டார்.

அந்த வாக்குதான் இப்போது பதினோரு தடவை ‘ட்ரை அகெய்ன்’ என்று திரும்பி வந்துகொண்டிருந்தது.

மிஷின் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். விரல் உலர்ந்திருந்தால் பதியாது, கொஞ்சம் ஈரப்பசை இருக்க வேண்டும் என்று ஒரு பெண் கொஞ்சும் குரலில் சொன்னாள். சேவுகன் எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லாதவர். செல்லமுத்துவை விட்டு அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கி வரச் செய்து, கிண்ணத்தில் ஊற்றி, முதலில் அவன் விரலையே தோய்த்து வைத்துப் பார்த்தார்.

“தேங்க் யூ” என்றது மிஷின்.

“பாத்தியா! வாங்க ஒவ்வொருத்தரா!”

செவந்தி வைத்தாள். தேங்க் யூ. பொன்னுத்தாய் வைத்தாள். தேங்க் யூ. பத்தே நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கும் நன்றி சொல்லி முடித்தது மிஷின். சேவுகனின் காது சாதாரண நிறத்துக்குத் திரும்பப் போன நேரத்தில் எம்.டி.யிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, செல்லமுத்துவுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலையே சார். இங்கதான் நிக்கிறான்.”

“முப்பத்தொம்போது தடவை வேலைக்கு வந்திருக்கான்!”

கண்ணாடியில் படிந்த எண்ணெயில் செல்லமுத்துவின் ரேகை அச்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே யார் விரல் அழுத்தினாலும் மிஷின் அவனைத்தான் பார்த்தது. சேவுகன் கண்ணாடியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். அதற்குப் பிறகு மிஷின் செல்லமுத்துவையும் மறந்துவிட்டது.

“கெடுத்தேனே குடியை!” என்று அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டபோது வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். வரிசைக் கடைசியில் ஆரோக்கியம்மாள் நின்றிருந்தாள். கொட்டகையில் மூத்தவள். இருபத்தாறு வருடத்தில் ‘ம்’ என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை. இப்போதும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

“ஒங்க பொழப்புக்குத்தான் நான் இங்க நாயா கத்திக்கிட்டுக் கெடக்கேன். சிரிப்பு வேறயா?” என்றார் சேவுகன்.

“ம்” என்றாள் ஆரோக்கியம்மாள்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் போனபோது செவந்தி வழக்கம்போலச் சோற்றை ஒரு கையால் பிசைந்துகொண்டு மறு கையால் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“எந்நேரமும் அந்தக் கருமத்துல சீரியல் பாரு. வேலை போனா அதுவா சோறு போடும்?”

செவந்தி போனைக் கவிழ்த்து வைத்தாள். “அதை விடுங்கண்ணே. ஒங்க மருமகன் எப்ப கெளம்புறாரு?”

சேவுகனின் மகள் பரிமளாவை அறந்தாங்கியில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை ரகுநாத் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். இப்போது லீவில் வந்திருந்தார்.

“அடுத்த ஞாயித்துக்கெழமை. எதுக்கு?”

“எங்க அக்கா மவன் அங்கதான இருக்கான். போன வருசம் குடுத்துவிட்டோமே, அது மாதிரி கொஞ்சம் முந்திரி. எங்க கொல்லையில காய்ச்சது, எங்க வீட்டுல வறுத்தது. கம்பெனிது இல்ல.”

“எவ்வளவு?”

“பத்துக் கிலோ.”

“பத்தா? போன தடவை அஞ்சு. ஒங்க அக்கா மவன் சோறே திங்க மாட்டானா?”

“கூட்டாளிங்க நெறைய அவனுக்கு.”

வேலை போகப்போகிறவள் கேட்கிறாளே என்று சேவுகனுக்கு மனசு இளகிவிட்டது. கொடு என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த வழியெல்லாம் ரெட் க்ளேக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். எங்கேயோ கடல் தாண்டி மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கண்ணால் கூடப் பார்க்காத முப்பத்தெட்டுப் பெண்களின் வயிற்றில் அடிக்கிறானே, அவன் உருப்படுவானா?

வெள்ளிக்கிழமை விரல் மிஷினைக் கழற்றிவிட்டு முகம் பார்க்கும் மிஷினை மாட்டினார்கள். இது சூர்யபிரகாஷின் யோசனை. காலையில் முப்பத்தெட்டுப் பேரும் குளித்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து வந்து நின்றார்கள். மிஷின் ஒவ்வொருவரையும் பார்த்து, பெயர் சொல்லி வணக்கம் வைத்தது. ஆரோக்கியம்மாளுக்கும் வைத்தது. சேவுகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே கண் பிதுங்கியது.

வறுக்கிற டிரம்மிலிருந்து வருகிற புகையும், உடைக்கும்போது தெறிக்கிற பாலும், கையில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற சாம்பலும் சேர்ந்து எட்டு மணி நேரத்தில் எல்லா முகத்தையும் ஒரே முகமாக்கிவிடும். மிஷின் செவந்தியைப் பார்த்தது. பொன்னுத்தாயைப் பார்த்தது. ‘ஆள் தெரியவில்லை’ என்று ஆங்கிலத்தில் சொன்னது. வெளியே போகிற பதிவு ஒருவருக்கும் விழவில்லை.

முகம் கழுவச் சொன்னார் சேவுகன். முந்திரிக் கரி என்ன மாவா, தண்ணீர் பட்டதும் போக? தொட்டித் தண்ணீர் தீர்ந்தது. டவுன் பஸ் போய்விட்டது. பெண்கள் பாதி கரியும் பாதி சோப்புமாக நடந்தே வீட்டுக்குப் போனார்கள். சனிக்கிழமையும் இதே கதை.

திங்கட்கிழமை காலை எம்.டி. அறையிலிருந்து அலறல் கேட்டது.

“ஷார்ஜாவுல இருந்து மெயில் வந்திருக்கு! முப்பத்தெட்டுப் பொம்பளைங்க வெள்ளிக்கிழமை உள்ள வந்தாங்க, மூணு நாளா வெளிய வரலைன்னு அவங்க கம்ப்யூட்டர்ல காட்டுதாம். ஆளுங்களைப் பூட்டி வச்சு வேலை வாங்கறீங்களான்னு கேக்கறாங்க! இன்டர்நேஷனல் அளவுல நம்ம மானம் போச்சு!”

“அதுல லைவா பாக்கச் சொன்னது யாரு சார்?”

“டிரான்ஸ்பரன்ஸி” என்றார் சூர்யபிரகாஷ், மூலையிலிருந்து.

“எதைச் சொன்னாலும் ஒரு வார்த்தையை வச்சிருக்காருய்யா!” சேவுகனின் காது பழுத்த மிளகாயாகிவிட்டது. “நாளைக்குள்ள சரி பண்றேன். யாரும் என் வழியில வராதீங்க.”

இரவெல்லாம் யோசித்து, சேவுகன் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் வாழ்க்கையிலேயே கம்ப்யூட்டரை ஏமாற்றப் போட்ட முதல் திட்டம் அது. கரி முகத்தை மிஷினுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே? கரி முகத்தையும் புது ஆளாகச் சேர்த்துவிட்டால்? காலையில் சுத்தமான செவந்தி உள்ளே வருவாள். ஒரு மணி நேரம் கழித்து, கரி ஏறுவதற்குள், வெளியே போவதாகப் பதிவாள். கரி ஏறியதும் இரண்டாவது ஷிப்டு ஆளாக உள்ளே வருவாள். சாயங்காலம் அதே கரியோடு வெளியே போவாள்.

செய்து முடித்தார். மிஷினில் ‘செவந்தி’ இருந்தாள், ‘செவந்தி பி’ இருந்தாள். ‘ஆரோக்கியம்மாள்’ இருந்தாள், ‘ஆரோக்கியம்மாள் பி’யும் இருந்தாள். மூன்று நாள் ஒரு சிக்கலும் இல்லை. மிஷின் எல்லோரையும் தெரிந்துகொண்டது. ஷார்ஜாக்காரர்கள் சமாதானமானார்கள். சேவுகன் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து, வியாழக்கிழமை மாலை எல்லோருக்கும் தன் கைக்காசில் வடை வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாதக் கடைசி நாள், பிரிண்டர் தானாகக் கக்க ஆரம்பித்தது. ஒன்றன் பின் ஒன்றாக முப்பத்தெட்டுத் தாள்.

“சிஸ்டம் ரொம்ப அழகா வேலை செய்யுது” என்றார் சூர்யபிரகாஷ். “நம்மகிட்ட எழுபத்தாறு பேர் இருக்காங்க. அதுல காலை ஷிப்டு ஆளுங்க முப்பத்தெட்டுப் பேர். வர்றாங்க, ஒரு மணி நேரத்துல போயிடறாங்க. ஒரு பருப்பு கூட ஒடைக்கல. அதனால சிஸ்டமே அவங்களை வேலையை விட்டு எடுத்துடுச்சு.”

எம்.டி. ஒரு தாளை எடுத்தார். ‘செவந்தி’. இன்னொன்று. ‘பொன்னுத்தாய்’. தலையை நிமிர்த்தினார். அவர் முட்டாள் இல்லை. ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

“அண்ணே. இந்த ‘பி’ யாரு?”

சேவுகனுக்குப் பொய் வராது. சொல்லிவிட்டார்.

“போச்சு! டேட்டாவையே கெடுத்துட்டீங்க! ஷார்ஜாவுல கேட்டா நான் என்ன சொல்றது? எழுபத்தாறு பேரும் வேண்டாம். ஒருத்தரும் வேண்டாம். நாளைக்கே மிஷினுக்கு ஆர்டர் போடறேன்.”

“என்ன தம்பி சொன்ன?” சேவுகன் எம்.டி.யை மறந்துவிட்டார். “அந்தப் பொம்பளைங்க கை ரேகையைத் தின்னுதான் இந்த ஏசி ரூம் வந்துச்சு. ஒங்கப்பா ஆளுக்கு ஆள் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. கரியோட வந்தாலும் தெரியும், இருட்டுல வந்தாலும் தெரியும். மிஷினுக்கு அவுகளைத் தெரியலைன்னா நான் ஒத்துக்குவேன், அது போன வாரம் வந்தது. ஒனக்குமா தெரியல?”

எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க எமோஷனலா பேசறீங்க. ரெட் க்ளேக்காரன் இப்படியெல்லாம் பேசிக்கிட்டிருப்பானா? அவனுக்கு ஒரு ஸ்ட்ராட்டஜி இருக்கு. அவன் ஆளுங்க மூஞ்சியைப் பாக்க மாட்டான். அதனாலதான் அவன் அங்க இருக்கான், நாம இங்க இருக்கோம். நாளையிலேர்ந்து நீங்களும் வர வேண்டாம்.”

சேவுகன் வெளியே வந்தார். வாசல் சுவரில் இருந்த முகம் பார்க்கும் மிஷினை இரண்டு கையாலும் பிடுங்கினார். ஒயரும் கொஞ்சம் சிமெண்டும் சேர்ந்து வந்தன. பேட்டரி இருந்ததால் அதன் விளக்கு அணையவில்லை. திரும்ப உள்ளே போய் எம்.டி.யின் மேசை மேல் வைத்தார்.

“வணக்கம், சரவணக்குமார்” என்றது மிஷின்.

“ஒன்னையாவது தெரியுதே” என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார்.

கொட்டகையில் பெண்கள் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சேவுகன் நடுவில் போய் நின்றார்.

“எல்லாரும் கேளுங்க. வேலை போச்சு. முப்பத்தெட்டுப் பேருக்கும். எனக்கும்.” அவர் இரண்டு கையையும் கூப்பினார். “வாக்குக் குடுத்தேன். காப்பாத்த முடியல. என்னை மன்னிச்சிருங்க.”

ஒருத்தியும் அழவில்லை. பொன்னுத்தாய் செவந்தியைப் பார்த்தாள். செவந்தி ஆரோக்கியம்மாளைப் பார்த்தாள். இந்த நேரத்திலும் செவந்தியின் போன் மூன்று தடவை கிணுகிணுத்தது.

சேவுகனுக்கு அது பொறுக்கவில்லை. “என்ன ஜென்மங்க நீங்க? வயித்துல அடிச்சிருக்கான், கல்லு மாதிரி நிக்கிறீங்க! அந்தத் தம்பியைக் கூட நான் குத்தம் சொல்லல, புத்தி கெட்டுப் போயிட்டான். எல்லாத்துக்கும் காரணம் அந்த ரெட் க்ளேக்காரன். அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்...”

“கெடைச்சா என்னண்ணே பண்ணுவீங்க?” என்று மெல்லக் கேட்டாள் செவந்தி.

“கழுத்தைத் திருகிடுவேன்! சத்தியமாத் திருகிடுவேன்!”

பின்வரிசையிலிருந்து ஆரோக்கியம்மாள் எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சேவுகனுக்கு எதிரில் வந்து நின்றாள். கரி படிந்த தன் கழுத்தைக் கோழி மாதிரி ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினாள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்து பேசினாள்.

“இந்தா, திருகிட்டுத் திங்கக்கெழமை நம்ம வேலைக்கு வந்துரு தம்பி. அந்த ரெட் க்ளே நாங்கதான். இப்ப மூட்டை மூட்டையாப் போகுது. போன வருசம் ஒம் மருமகன் பொட்டியில போச்சே அஞ்சு கிலோ, அதான் எங்க மொத எக்ஸ்போர்ட்டு.”